தக்காளித் தோலில் வழுக்கிய கூர்

மண்ணூர் தாமோதரன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். ஒரகடம் தொழிற்சாலையில் நான் பொறுப்பு வகித்த கருவி தீட்டும் பிரிவில் இயந்திரம் ஓட்டுபவராகச் சேர்ந்து, இப்போது அதே பிரிவின் மேற்பார்வையாளராக உயர்ந்திருப்பவர். நலம் விசாரித்து முடித்தபின், தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

“சார், வூட்டுக் கத்தி தீட்டறதுக்கு எது வாங்கலாம் சார்? ஆன்லைன்ல ஆயிரம் கீது. எது நல்லது, எது டுபாக்கூர்னே தெரியல.”

“பகலெல்லாம் அந்த வேலையைத்தானே பார்க்கறீங்க தாமோதரன்? நீங்க என்னைக் கேட்கலாமா?”

“அதனாலதான் சார் கேக்கறேன். அம்மா கத்திய வெச்சிகினு நாம பண்ண கூத்து மறந்துட்சா?”

மறக்கவில்லை. அவர் ‘அம்மா’ என்றது என் மனைவி கோமதியை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் படிக்கும்படி எழுதுங்கள் என்றார். ஆகவே, இரண்டு வரியில் முடிந்திருக்க வேண்டிய பதில் சற்று நீள்கிறது.

உலோகவியலில் முதுநிலைப் பட்டமும் அதன்மேல் ஆய்வுப் பட்டமும் பெற்றவன் நான். வெட்டும் கருவியின் விளிம்பு எவ்வாறு தேய்கிறது என்பதே என் ஆய்வுப் பொருள். பட்டத்துக்குப் பின் வேறு ஊர்களில் வேறு தொழிற்சாலைகள். அவற்றைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை. 2006-இல் ஒரகடம் வந்தேன். அப்போது சாலை பாதி வெட்டப்பட்டுக் கிடந்தது. சேரப்பணஞ்சேரிப் பக்கமிருந்து வரும் எருமைகளுக்கும் கலவை லாரிகளுக்கும் வழிவிட்டபடிதான் எங்கள் பேருந்து போகும். கோமதி மறைமலை நகரில் வீடு பார்த்தாள். ரயில் நிலையமும் ஒழுங்கான காய்கறிக் கடையும் உள்ள ஊரில்தான் இருப்பேன் என்பது அவளுடைய நிபந்தனை.

எங்கள் பிரிவுக்கு மழுங்கிய கருவிகள் வரும். கூரானவை திரும்பிப் போகும். வாகன எஞ்சின்களின் பாகங்களில் துளையிடும் டிரில்கள், முகம் சீவும் கட்டர்கள் ஆகியவைதான் பெரும்பாலும். எண்ணெயும் உலோகத் துகளுமாக வருபவற்றை முதலில் கழுவுவோம். பிறகு உருப்பெருக்கியின் கீழ் வைத்து, விளிம்பு எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்போம். பார்க்காமல் சாணையில் வைக்க எங்கள் பிரிவில் அனுமதி இல்லை. விளிம்பு முழுதும் சீராகத் தேய்ந்திருந்தால் கருவி தன் கடமையைச் செய்திருக்கிறது என்று பொருள். ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தால் கோளாறு கருவியில் இல்லை, அதைப் பிடித்திருந்த இயந்திரத்தில். அதன்பின்தான் குளிர்நீர் பாய, வைரத்தூள் சக்கரத்தில் தீட்டுவது. தீட்டி முடித்த விளிம்பை உருக்கிய மெழுகில் ஒருமுறை முக்கி எடுப்போம். ஒன்றோடொன்று உரசாமல் தட்டில் பயணம் செய்ய அந்த மெழுகுதான் காப்பு.

வெளியாட்கள் நம்ப மறுக்கும் ஒரு படியும் உண்டு. சில கருவிகளைக் கச்சிதமாகக் கூராக்கியபின், மென்மையான தூரிகையால் அந்தக் கூரை நாங்களே இம்மியளவு மழுக்குவோம். முரட்டு இரும்பில் இறங்கும் கருவிக்கு மிகையான கூர் ஆகாது. முதல் துளையிலேயே உதிர்ந்துவிடும். எவ்வளவு கூர் என்பதை முடிவு செய்வது தீட்டுபவன் அல்ல, வெட்டப்படும் பொருள். இது எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம் என்பதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் மேலாளர் சிவசாமி பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் இளையவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் வெறுங்கையோடு வருவார். வெளியே போகக் காத்திருக்கும் தட்டிலிருந்து ஒரு கருவியை எடுப்பார். பக்கத்தில் யார் நின்றாலும் சரி, அவரிடம் கேட்பார்:

“இது எங்கீங்க போகுது?”

இயந்திரத்தின் எண்ணைச் சொன்னால் போதாது. எந்த உலோகம், எப்படிப்பட்ட துளை, அதை ஓட்டுபவர் யார் என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் கோபிக்க மாட்டார். கருவியை அவர் கையிலேயே கொடுத்து, “போயி பாத்துட்டு வந்துருங்க” என்பார். அவ்வளவுதான். அந்த ஆள் வெயிலில் முற்றத்தைக் கடந்து, இயந்திரத்தருகே நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். பிரிவில் வேலை செய்த விளாத்திகுளத்துப் பையன்கள் அதற்குப் பாதயாத்திரை என்று பெயர் வைத்திருந்தார்கள். தேநீர் இடைவேளையில், “ஏலே, இன்னைக்கு யாருலே பாதயாத்திர? கால்ல செருப்பாவது போட விட்டாரா?” என்று ஒரு குரல் எழும், சிரிப்பு பிரிவு முழுதும் பரவும். சிவசாமியின் காதிலும் விழும். அவர் டீயைக் குடித்துக்கொண்டிருப்பார்.

கோமதி பள்ளியில் உயிரியல் கற்பித்து விருப்ப ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பின் அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. முழங்காலிலும் வலி. தரையில் அமர்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குவது முதலில் நின்றது. மேசைமேல் பலகையும் கத்தியும் வந்தன. கத்தியைப் பிடித்து அழுத்த விரல்கள் ஒத்துழைக்கவில்லை. வாழைக்காயில் பாதி இறங்கிய கத்தியை அப்படியே விட்டுவிட்டு, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவள் நின்றதை ஒருநாள் பார்த்தேன்.

எதையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது, நறுக்கிக் கொடுக்க ஓர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். ஆட்டோவில் ஏறியபின் அவள் பேசினாள்.

“ஆள் வெச்சா முதல்ல நறுக்கறது போகும். அப்புறம் தாளிக்கறது போகும். கடைசில நான் ஹால்ல உக்காந்து, என் வீட்டுக் குழம்பை விருந்தாளி மாதிரி சாப்பிடணும். அதெல்லாம் வேண்டாங்க.”

“அழுத்தக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னார்?”

“அப்போ அழுத்தாம வெட்டற கத்தி குடுங்க. இரும்பை வெட்டறதுக்கே கூர் தீட்டற ஆபீசர். ஒரு கத்திரிக்காய்க்குத் தீட்ட முடியாதா உங்களால?”

தன் கையால் நறுக்கித் தன் சமையலைத் தானே செய்ய வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். நான் அதை எளிய வேலை என்று எண்ணினேன்.

மறுநாள் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் சென்றேன். வாயிலில் காவலர் பையைத் திறந்து பார்த்து, “கத்தி உள்ள வுடமாட்டோம் சார், ரூலு” என்றார். உள்ளே இதைவிடக் கூரானவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவற்றைத் தீட்டும் பிரிவுக்கே நான்தான் தலைவன் என்றேன். “அதான் சார் யோசனையா கீது” என்றார் அவர். சிவசாமியிடம் அனுமதி பெற்று, திருப்பி எடுத்துச் செல்லும் பொருள் என்று எழுதி, கத்தி உள்ளே நுழைந்தது.

“இன்னா சார், யார் மேல கோவம்?” என்று தாமோதரன் வாங்கிப் பார்த்தார். விவரம் சொன்னதும் அவர் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. அம்மாவுக்கு என்றால் சாதாரணமாகச் செய்யலாமா? உணவு இடைவேளையில் பிரிவே கூடிவிட்டது. ஒருவர் கோணம் கணக்கிட்டார். ஒருவர் கத்தியைப் பிடிக்கத் தனிப் பிடிப்பான் செய்தார். மெல்லிய கோணத்தில் தீட்டி, மேலும் மேலும் நுண்ணிய தூள்களால் மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ் ஒரு கீறல்கூடத் தெரியாத விளிம்பை உண்டாக்கினோம். விளாத்திகுளத்துப் பையன் ஒருவன் தன் முழங்கை மயிரைச் சத்தமில்லாமல் மழித்துக் காட்டினான். காகிதம் தன் எடையிலேயே இரண்டாகப் பிளந்தது. இறுதியாக, வழக்கப்படி மெழுகில் முக்கினோம்.

மாலையில் கோமதி மெழுகைக் கழுவிவிட்டு ஒரு தக்காளியை எடுத்தாள். கத்தியை வைத்து இழுத்தாள். வழுக்கியது. மீண்டும் இழுத்தாள். தோலில் ஒரு கோடுகூட விழவில்லை. மூன்றாம் முறை அவள் அழுத்த வேண்டியதாயிற்று. தக்காளி நசுங்கிச் சாறு என் சட்டையில் தெறித்தது.

“காகிதத்தை வெட்டிப் பார்த்தோம். பிரமாதமா வெட்டிச்சே” என்றேன்.

“அப்போ நாளைக்குக் காகிதப் பொரியல் பண்ணிடலாமா?”

காரணம் எனக்கு உடனே புரிந்தது. தக்காளியின் தோல் வழவழப்பானது. உள்ளே இடம் கொடுப்பது. அதைத் துளைக்க விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் வேண்டும். நாங்கள் ஒரு பல்லையும் விட்டுவைக்காமல் மெருகேற்றியிருந்தோம். வேறெந்தத் தொழிலில் இருந்தவனும் இந்தத் தவற்றைச் செய்திருக்க முடியாது. தெருவில் சாணை பிடிப்பவர் கத்தியைத் தேய்த்தே தீர்ப்பாரே தவிர, தக்காளியை வெட்ட வைத்திருப்பார்.

சரிசெய்தோம். சற்றுச் சொரசொரப்பாகத் தீட்டியபோது தக்காளி வெட்டுப்பட்டது. ஆனால் வீட்டுக் கத்தியின் எஃகு மென்மையானது. எங்கள் மெல்லிய கோணத்தைத் தாங்காமல் சில நாட்களில் விளிம்பு மடங்கிவிடும். மறுபடி பை, மறுபடி காவலர், மறுபடி மெழுகு. கத்தி இல்லாத நாட்களில் கோமதி கையால் கிள்ளிப்போடும் கீரை சமைத்தாள். அண்டை வீட்டு அம்மாள் கத்தி இரவல் கேட்டு வந்தபோது, “அது ஜெனரல் ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கு, ஆறு மணிக்கு வரும்” என்று சொல்வதைக் கேட்டேன்.

கத்தி வீட்டிலேயே கூராக வேண்டும், கோமதியே அதைச் செய்ய முடிய வேண்டும் என்று தெளிவானபின், கடைகளில் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக வாங்கிவந்தேன். தாமோதரன் இப்போது ஆன்லைனில் பார்ப்பவையும் பெரும்பாலும் இந்த வகைகளைச் சேர்ந்தவையே. நீரில் நனைத்துத் தீட்டும் கல்தான் எல்லாவற்றிலும் சிறந்த கூரைத் தருவது. ஆனால் கத்தியை ஒரே சாய்வில் பிடித்திருக்க மணிக்கட்டு இரும்பாக இருக்க வேண்டும். கத்தியைத் திருகிப் பிணைத்து, கம்பியில் கோத்த கல்லைக் கோணம் மாறாமல் ஓட்டும் சாதனம் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது, எங்கள் இயந்திரத்தின் குட்டிபோல் இருந்ததால். அதன் திருகை கோமதியால் திருக முடியவில்லை. இடுக்கில் விட்டு இழுக்கும் மலிவான சாதனம் விளிம்பைக் கூராக்குவதில்லை, பிய்க்கிறது. ஒரு கையால் அதை இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும். மின்சாரத்தில் ஓடுவதைக் கொண்டுவந்தபோது அவள் விசிறியை அண்ணாந்து பார்த்தாள். மின்வெட்டு நேரம் அது. “நல்லதுதான். கரண்ட் வந்ததும் சமைச்சுக்கலாம்” என்றாள்.

இதற்கிடையில் ஒருநாள் காலை, சிவசாமி வெளியே போகும் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். டிரில்களுக்கு நடுவே மெழுகு பூசிக் கிடந்த எங்கள் வீட்டுக் கத்தி அது. பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவன் நான்.

“இது எங்கீங்க சார் போகுது?”

“எங்க வீட்டுக்கு.”

“சேரீங்க. என்னத்தை வெட்டுது?”

“காய்கறி.”

“யாரு ஓட்டறாங்க, எப்படி ஓட்டறாங்க? பாத்தீங்களா?”

முப்பதாண்டுகளுக்கு மேலாக அவள் நறுக்கியதைச் சாப்பிட்டிருக்கிறேன்; நறுக்கும் கையைக் கவனித்ததில்லை. தாமோதரன் சக்கரத்தைத் துடைப்பதில் மிகத் தீவிரமாக இருந்தார். சிவசாமி கத்தியை என் கையில் வைத்தார்.

“போயி பாத்துட்டு வந்துருங்க சார்.”

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வேலை நேரத்தில் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். “என்ன ஆச்சு, வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?” என்றாள் கோமதி. ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். அவள் புருவத்தை உயர்த்தினாள். பிறகு என்னை மறந்து வேலையில் இறங்கினாள்.

புதிய இயந்திரத்தைக் கவனிப்பதுபோல் கவனித்தேன். அவள் கத்தியை விரல்களால் பிடிக்கவில்லை. உள்ளங்கையில் பிடியைத் தாங்கி, முழங்கையிலிருந்து தன்னை நோக்கி இழுத்தாள். மேலிருந்து அழுத்தவே இல்லை. கத்தி எப்போதும் செங்குத்தாகவே நின்றது. அப்போதுதான் புரிந்தது. அரிவாள்மணையில் அலகு நிமிர்ந்து அசையாமல் நிற்கும்; கை மட்டும் நேர்கோட்டில் போய்வரும். அவளுடைய உடல் வாழ்நாள் முழுதும் கற்ற அசைவு அது. சாய்வு என்ற ஒன்றை அந்தக் கை அறியாது. நான் வாங்கிவந்த சாதனங்களோ, மணிக்கட்டைச் சாய்க்கச் சொல்லின, அல்லது விரலால் இறுக்கச் சொல்லின.

கல்லை ஒருமுறை அவளிடம் கொடுத்து, தீட்டிக் காட்டச் சொன்னேன். இரண்டு இழுப்பில் நிறுத்திவிட்டாள்.

“இந்தக் கை கத்தியைச் சாய்க்காதுங்க. வேணும்னா கல்லைச் சாய்க்க முடியுமா பாருங்க.”

எரிச்சலில் சொன்னாள். ஆனால் வேண்டிய வடிவமைப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

இரண்டு கம்பிகளை ஆங்கில ‘வி’ எழுத்துபோல் சாய்த்து நிறுத்திவிட்டால், கத்தியைச் சாய்க்க வேண்டியதில்லை. நிமிர்த்திப் பிடித்து, ரொட்டியை நறுக்குவதுபோல் மேலிருந்து கீழாக, தன்னை நோக்கி இழுத்தால் போதும். இடக் கம்பியில் ஒருமுறை, வலக் கம்பியில் ஒருமுறை. கோணம் கம்பியில் இருக்கிறது. கை அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உலையின் வெப்பமானிக்கு உறையாக வரும் வெள்ளைப் பீங்கான் குழாய்கள் எஃகைத் தேய்க்கும், இந்தக் கம்பிகளாகப் பொருந்தும் என்பது என் படிப்பு எனக்குச் சொன்னது. பாரிமுனையில் இரண்டு வாங்கினேன். அடிப்பலகை எது என்று யோசித்தபோது, கோமதி பரணைக் காட்டினாள்.

“அந்த அரிவாள்மணையை எடுத்துக்கோங்க. இனிமே நான் கீழ உக்காரப் போறதில்ல. அது மட்டும் எதுக்கு மேல உக்காந்திருக்கணும்?”

அலகைக் கழற்றிவிட்டு, மணையில் இரண்டு சாய்ந்த துளைகளைத் தாமோதரன் போட்டார். எஞ்சின் பாகத்துக்குக் காட்டும் அதே கவனத்தோடு. இடது முழங்கையை மணைமேல் கிடத்தினால் கையின் கனமே மணையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். கத்தி வழுக்கிக் கையில் படாமலிருக்க, நடுவே பித்தளைக் கம்பி ஒன்றை வளைத்துத் தடுப்பாக வைத்தார்.

வேலை முடிந்தது ஆயுதபூஜைக்கு முந்திய நாள். ஆகவே மணையும் கத்தியும் சாணை இயந்திரங்களோடு வரிசையில் ஏறிச் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டன. பூஜையன்று குடும்பத்தினரை உள்ளே அழைப்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம். கோமதி வந்தாள். பொரிப் பொட்டலத்தை உள்ளங்கையில் தாங்கியபடி, கத்தி முன்னால் நின்றாள். சிவசாமி மணையைக் காட்டி அவளிடம் கேட்டார்:

“அம்மா, இது எங்கீங்க போகுது?”

“தக்காளிக்கு” என்றாள் கோமதி.

சிவசாமி கைகூப்பினார். “அப்பச் சேரீங்க.” பின்னாலிருந்து ஒரு குரல், “அம்மாவுக்குப் பாதயாத்திர கெடையாதுடே, பாஸு!” என்றது.

பூஜையில் வைத்ததை அன்று எடுக்கலாகாது. விஜயதசமிக் காலையில் நானே போய்க் கொண்டுவந்தேன். குழந்தைகளை எழுத்தறிவிக்க உட்கார வைக்கும் நாள் என்று சொல்லிக்கொண்டே அவள் மேசைமுன் அமர்ந்தாள். கத்தியை நிமிர்த்தி, இழுத்தாள். பீங்கானில் மெல்லிய ஓசை. இடம், வலம். சற்றுநேரத்தில் அவள் கை, ஏற்கெனவே தெரிந்த வேலையைச் செய்வதுபோல் சீரானது. அந்த விளிம்பு பளபளக்கவில்லை. எங்கள் பிரிவில் யாரும் அதைப் பாராட்டியிருக்க மாட்டார்கள். தக்காளியின்மேல் வைத்து இழுத்தாள். தோல் பிளந்தது.

துண்டுகளைப் பார்த்தாள். “சரி. சாயங்காலம் வரும்போது ஒரு பறங்கிக்காய் வாங்கிட்டு வாங்க.”

அதன்பின் எங்கள் வீட்டில் நறுக்கும் வேலையை வேறு யாரும் செய்யவில்லை. சென்ற ஆண்டு ஆடியில் கோமதி காலமானாள். இதயம். முந்திய நாள் அவள் நறுக்கிவைத்த அவரைக்காய் ஃபிரிட்ஜில் இருந்தது. அந்த ஆண்டே நான் ஓய்வு பெற்றேன்.

பராமரிப்பு பற்றி ஒரு குறிப்பு. பீங்கான் கம்பியில் கத்தி உரசும்போது அதன் எஃகு சாம்பல்நிறக் கோடுகளாகக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். கோடுகள் அடர்ந்தால் கம்பி வழுக்கும், கூர் ஏறாது. பாத்திரம் துலக்கும் தூளால் அவ்வப்போது தேய்த்துக் கழுவிவிட வேண்டும். நான் பல மாதங்கள் கழுவவில்லை. அந்தக் கோடுகள் யார் இழுத்தவை என்பது எனக்குத் தெரியும். அதனால் கத்தியும் மழுங்கியது. நானும் உணவகத்திலிருந்து வாங்கிச் சாப்பிட்டேன். ஒருநாள் தக்காளியை எடுத்து வைத்தேன். தோலில் வழுக்கியது. அன்று கம்பிகளைக் கழுவினேன். வெள்ளையாயின. கத்தியைப் பிடித்தபோது என் மணிக்கட்டு பழக்கத்தால் சாய்க்கப் பார்த்தது. நிமிர்த்தி, முழங்கையிலிருந்து இழுத்தேன். வெண்மையில் புதிதாக ஒரு சாம்பல் கோடு விழுந்தது. அன்றிலிருந்து நான்தான் சமைக்கிறேன். ரசம் பரவாயில்லாமல் வருகிறது.

இனி தாமோதரனுக்குப் பதில். தொலைபேசியை வைக்குமுன் அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்: உங்கள் வீட்டில் நறுக்குவது யார்?

“நான்தான் சார். அவ இப்போ ஃபர்ஸ்ட் ஷிஃப்டு, காலைல கம்பெனி பஸ் வந்துடும். பொண்ணு இன்னா சொல்றா தெரியுமா? நாம வெங்காயம் வெட்டினா அழுவோம், அப்பா வெட்டினா வெங்காயம் அழுவுதாம்.”

ஆகவே, தாமோதரன், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கல்லா, கம்பியா என்பதை விலையோ விளம்பரமோ சொல்லாது. உங்கள் கை சொல்லும். உங்கள் கையை நீங்களே பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மறைமலை நகரிலிருந்து பேருந்து பிடித்து மண்ணூருக்கு வருகிறேன். சமையலறையில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள். தக்காளி நான் வாங்கி வருகிறேன்.